வெயில், ஹெல்மெட், மூக்குக்கண்ணாடி: கறுப்பு எந்த அடுக்கில் இருக்க வேண்டும்?

வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி ஒன்றை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். வாசலில் நின்றபோது நன்றாகக் கறுத்திருந்தது. ஹெல்மெட்டை மாட்டி, வைசரை இறக்கி, ஐந்து நிமிடம் ஓட்டியதும் பழையபடி கண் கூசியது. ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் லென்ஸ் வெளுத்திருக்கிறது. கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கறுக்கத் தொடங்கியது! நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். தப்பு கண்ணாடியிலும் இல்லை, கடையிலும் இல்லை என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

பவர் கண்ணாடி போடுகிறவர் வெயிலுக்கேற்ற ஹெல்மெட் தேடினால் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் மூன்று. "கறுப்பு வைசர் போட்டுக்கோ." "உள்ளே சன் வைசர் இருக்கிற மாதிரி எடு." "கண்ணாடி போடுறதால ஒரு சைஸ் பெரிசா வாங்கு." முதல் இரண்டும் பாதி சரி. மூன்றாவது முழுத் தப்பு.

குழப்பம் வராமலிருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் கண்ணாடி என்றால் மூக்கின் மேல் உட்காருவது. ஹெல்மெட்டின் முன்னால் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் தகடு வைசர்.

## வெயில் தருவது ஒரு தொல்லை அல்ல, மூன்று

உச்சி வெயிலில் வெளியே வருபவரைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கண்ணைச் சுருக்குவார். அது போதாவிட்டால் கையை நெற்றியில் வைத்து நிழல் கட்டுவார். இரண்டும் வேறு வேறு வேலை. கண்ணைச் சுருக்கினால் எல்லா வெளிச்சமும் சேர்ந்து குறைகிறது. கையை வைத்தால் சூரியன் மட்டும் மறைகிறது. எதிரே இருப்பது அப்படியே தெரிகிறது.

கண்ணைச் சுருக்க வைப்பது பிரகாசம், அதாவது கண்ணுக்குள் வரும் மொத்த வெளிச்சம். கையை நெற்றிக்குக் கொண்டுபோக வைப்பது கூச்சம். பார்வைக்கு நேரே ஒரு பெரிய வெளிச்சம் நிற்கும்போது அந்த ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, பார்க்க வேண்டியதன் மேல் வெள்ளைத் திரை போலப் படியும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது நடப்பது இதுதான். வைசரில் கீறல் இருந்தால் இந்தச் சிதறல் கண்ணுக்கு வெளியிலேயே ஆரம்பித்துவிடும். கீறல் விழுந்த வைசரோடு மேற்கு நோக்கி மாலையில் ஓட்டியவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது புற ஊதாக் கதிர். 400 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் உள்ளது, கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கூசவும் கூசாது. ஆனால் வருடக்கணக்கில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

கறுப்பு நிறம் கவனிப்பது இந்த மூன்றில் முதலாவதை மட்டும். கூச்சத்தில் அது பெரிதாக உதவாது. சூரியனையும் சாலையையும் ஒரே விகிதத்தில் மங்க வைப்பதால் வெள்ளைத் திரையும் அதே விகிதத்தில் மிச்சம் இருக்கும். தாழ்ந்த சூரியனுக்குக் கைநிழல்தான் மருந்து. சில ஹெல்மெட்டுகளில் நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி முனை செய்வது அதைத்தான். வைசரின் மேல் விளிம்பில் சிலர் ஒட்டும் கறுப்புப் பட்டையும் அப்படித்தான்: தலையைச் சற்றுக் குனிந்தால் சூரியன் பட்டைக்குப் பின்னால் போய்விடும்.

புற ஊதாவுக்கும் கறுப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான வைசர்கள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. நிறமே இல்லாத பாலிகார்பனேட்டும் புற ஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அது அந்தப் பிளாஸ்டிக்கின் சுபாவம். கவலைப்பட வேண்டியது இதற்கு நேர் எதிரான நிலை பற்றி. புற ஊதாவைத் தடுக்காமல் வெறும் சாயம் மட்டும் ஏற்றிய மட்டமான லென்ஸ் என்றால், இருட்டாகிவிட்டது என்று நினைத்துக் கண்மணி, அதாவது கண் நடுவில் இருக்கும் கறுப்புத் துளை, விரிந்துகொடுக்கும். கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

ஆக, பிரகாசத்துக்குச் சாயம், கூச்சத்துக்கு நிழல், புற ஊதாவுக்கு வைசரின் பிளாஸ்டிக். "சன் ப்ரொட்டெக்ஷன்" என்ற ஒரே பேரில் மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் வாங்கியது வேலை செய்யவில்லை என்று புலம்புகிறோம்.

## தானாகக் கறுக்கும் கண்ணாடி ஹெல்மெட்டுக்குள் ஏன் கறுப்பதில்லை

இப்போது என் சண்டைக்கு வருவோம். வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் லென்ஸுக்குப் போட்டோகுரோமிக் லென்ஸ் என்று பெயர். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய மூலக்கூறுகள் மடக்கிய குடை மாதிரி இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட கதிர் பட்டால் குடை விரியும், ஒளியை மறிக்கும், லென்ஸ் கறுக்கும். கதிர் நின்றால் குடை தானாகவே மடங்கும்.

அந்தக் குறிப்பிட்ட கதிர் எது? புற ஊதா. வைசர் தடுத்து நிறுத்துவதும் அதைத்தான். குடை விரிய வேண்டிய மழையையே வைசர் வெளியே நிறுத்திவிட்டது; லென்ஸ் என்ன செய்யும்? மூடிய காருக்குள் இந்த லென்ஸ் சரியாகக் கறுப்பதில்லை என்று பலர் சொல்வதற்கும் இதே காரணம்தான், முன்கண்ணாடியும் புற ஊதாவை மறிக்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே பார்க்கலாம். கண்ணாடியை வெயிலில் ஒரு மேசை மேல் வையுங்கள். ஹெல்மெட்டின் நிறமற்ற வைசரைக் கழற்றி, ஒரு லென்ஸை மட்டும் மூடுகிற மாதிரி அதன் மேல் சாய்த்து வையுங்கள். பக்கவாட்டிலிருந்து வெயில் நுழையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கூலிங் கிளாஸ், மறு பக்கம் சாதாரணக் கண்ணாடி. நான் இதைச் செய்தபோது அரை நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. கூடவே ஒரு வருத்தமும், கடைக்காரரிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று.

புற ஊதா இல்லாமல் சாதாரண வெளிச்சத்துக்கும் ஓரளவு கறுக்கும் லென்ஸ் வகைகளும் இருக்கின்றன. அவை வைசருக்குப் பின்னாலும் கொஞ்சம் கறுக்கும். ஆனால் எல்லாப் போட்டோகுரோமிக் லென்ஸுக்கும் பொதுவான இரண்டு குணம் உண்டு. ஒன்று, வெப்பம் கூடினால் குடை வேகமாக மடங்கும். கொளுத்தும் நாளைவிடக் குளிர்ந்த நாளில்தான் அது நன்றாகக் கறுக்கும். கேட்டால் சிரிப்பு வருகிறது, ஆனால் உண்மை. மற்றொன்று, கறுப்பது சீக்கிரம், வெளுப்பது மெதுவாக. வெளுக்கச் சில நிமிடங்கள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு கிலோமீட்டர். வெயிலிலிருந்து சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் லென்ஸ் வெளுப்பதற்குள் பாதை முடிந்திருக்கும்.

## அடுக்குகள் கூடுவதில்லை, பெருக்கிக்கொள்கின்றன

கண்ணாடி போடாதவருக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். அவருக்குச் சாலைக்கும் கண்ணுக்கும் நடுவே வைசர் மட்டும். நமக்கு எப்போதும் அதற்கு மேல் ஓர் அடுக்கு.

கடையில் பாதி விலைத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு பாதித் தள்ளுபடி என்றால் பொருள் இலவசம் ஆவதில்லை. கால் விலைக்கு வருகிறது. ஒளியின் கணக்கும் அப்படித்தான். ஓர் அடுக்கு எத்தனை சதவீத வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை ஒளி ஊடுருவல் என்பார்கள். அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் அந்தச் சதவீதங்களைப் பெருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். நிறமற்ற வெளி வைசர் 85 சதவீதம் விடுகிறது. உள்ளே இருக்கும் கறுப்பு வைசர் 30 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 25 சதவீதம் சொச்சம். பகல் வெயிலுக்கு இது நல்ல அளவு. நிறமற்ற பவர் கண்ணாடி சேர்ந்தால் 23 அல்லது 24. பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கண்ணாடியும் கூலிங் கிளாஸாக இருந்து 15 சதவீதம்தான் விடுகிறதென்றால்? 4 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இந்த 4 எவ்வளவு இருட்டு என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கூலிங் கிளாஸ்களை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிக்கும் சர்வதேசத் தரவரிசை உண்டு. கண்ணாடியின் கம்பியில் உட்புறம் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும். வழக்கமான நல்ல கூலிங் கிளாஸ் 3ஆம் வகை. 8 முதல் 18 சதவீதம் வரை விடும். 3 முதல் 8 சதவீதம் மட்டும் விடுவது 4ஆம் வகை. அது பனிமலைக்கும் அதைப் போன்ற கடும் வெளிச்சத்துக்கும் உரியது. வண்டி ஓட்டும்போது அதைப் போடவே கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் தப்பில்லாத இரண்டு கறுப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வந்ததும் ஓட்டக்கூடாத கறுப்பாகிவிடுகின்றன. கெடுதல் என்னவென்றால், திறந்த சாலையில் ஓட்டும்போது இது தெரியாது, இதமாகவே இருக்கும். அடர்ந்த மர நிழலுக்குள் நுழையும்போதுதான், அதற்குள் நின்றுகொண்டிருக்கும் சாயம் போன சட்டைக்காரர் கடைசி நொடியில் முளைத்தது போல் தெரிவார்.

அதனால் நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: கறுப்பு ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் இருக்கட்டும். அந்த அடுக்கும் ஒரு நொடியில் விலக்கக்கூடியதாக இருக்கட்டும்.

## அந்த ஓர் அடுக்கு எது?

ஹெல்மெட்டுக்குள் ஒளிந்திருந்து, ஒரு பொத்தானையோ நெம்பையோ தள்ளினால் இறங்கும் கறுப்புத் தகடுதான் உள் சன் வைசர். பவர் கண்ணாடிக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுவே. வெயிலில் இறக்கலாம், சுரங்கம் வந்தால் கட்டைவிரலால் ஏற்றிவிடலாம். வீட்டில் போடும் அதே கண்ணாடி போதும், பவர் போட்ட கூலிங் கிளாஸ் தனியாக வேண்டாம். இதற்குக் குறைகளும் உண்டு. உள்ளே அது ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஹெல்மெட்டின் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே, அடியைத் தாங்கிக்கொள்ளும் தெர்மாகோல் போன்ற அடுக்கு இருக்கிறதே, அதை அந்த இடத்தில் மெலிதாக்க வேண்டும் அல்லது ஓட்டைப் பெரிதாக்க வேண்டும். இதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஜப்பானின் அராய் உள் வைசரே வைப்பதில்லை. வெளிப்புறம் ஏறி இறங்கும் கறுப்புத் தகட்டைத் தருகிறது. அதே நாட்டின் ஷோயெய் பல மாடல்களில் உள் வைசர் வைக்கிறது. ஒரே தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டுகள், உள் வைசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே அடிச் சோதனையில் தேறியே வந்திருக்கும் என்பதால், இதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. சான்று முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

வெளி வைசரையே கறுப்பாகப் போடுவது இரண்டாவது வழி. பார்க்க அழகு. பொழுது சாய்ந்தால் தலைவலி. ஐரோப்பியத் தரவிதிப்படி 80 சதவீதத்துக்கும் குறைவாக ஒளி விடும் வைசரில் பகலுக்கு மட்டும் என்ற குறி இருக்க வேண்டும். இருட்டிய பின் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தூசியும் பூச்சியும் கண்ணாடிக்குப் பின்னால் நேராக வந்து சேரும். நிறமற்ற வைசரைப் பையில் எடுத்துப்போய் மாற்றும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் இது.

போட்டோகுரோமிக் வைசர் மூன்றாவது. கண்ணாடியில் தோற்ற அதே சங்கதி இங்கே ஜெயிக்கிறது, ஏனென்றால் வெயில் முதலில் படும் அடுக்கே இதுதான். மெதுவாக வெளுக்கும் குணம் மட்டும் மாறாது. சுரங்கங்கள் நிறைந்த வழியில் தினமும் போகிறவர் யோசித்து வாங்க வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் பவர் போட்ட கூலிங் கிளாஸ் என்பது கடைசி வழி. நீண்ட பகல் பயணத்துக்குச் சரி. ஆனால் நடுவழியில் இருட்டினால் நிறுத்தி, கழற்றி, மாற்ற வேண்டும். அதிலும் போலராய்ட் லென்ஸ் வேண்டாம் என்பேன். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் வடிகட்டும் லென்ஸ் அது. நீர்ப்பரப்பில் மின்னும் ஒளியை அழகாக வெட்டும். ஆனால் பிளாஸ்டிக் வைசர் வழியாகப் பார்த்தால் வானவில் திட்டுகள் காட்டும். சில டிஜிட்டல் ஸ்பீடாமீட்டர்கள் அதில் கறுப்பாகவே தெரியும்.

இரவுக்கு மஞ்சள் வைசர் போட்டால் பளிச்சென்று தெரியும் என்பார்கள். எந்தச் சாயமும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது.

## கண்ணாடிக் கம்பியும் கன்னப் பஞ்சும்

இனி "ஒரு சைஸ் பெரிசா வாங்கு" என்ற யோசனை. ஹெல்மெட் சைஸ் என்பது மண்டையின் சுற்றளவு. கண்ணாடி போட்டால் மண்டை பெருக்காது. இடைஞ்சல் இருப்பது காதுக்கு முன்னால், கம்பி போகும் அந்த இரண்டு விரல் அகலத்தில் மட்டும். அதற்காக ஹெல்மெட்டையே தளர்த்தினால், விழும்போது அது சுழலும், கழன்றும் போகலாம். செருப்பில் ஒரு விரல் உரசுகிறது என்பதற்காக இரண்டு சைஸ் பெரிய செருப்பு போடுவோமா?

சரியான வழி கன்னப் பஞ்சைப் பார்ப்பது. கன்னத்தை அணைத்துப் பிடிக்கும் மெத்தை அது. கண்ணாடிக்காரர்களுக்கென்று சில ஹெல்மெட்டுகளில் அந்தப் பஞ்சில் கம்பி நுழையும் பள்ளம் விட்டிருப்பார்கள். பல மாடல்களில் அதே ஹெல்மெட்டுக்கு மெலிந்த கன்னப் பஞ்சும் தனியாகக் கிடைக்கும். கம்பியும் ஒத்துழைக்க வேண்டும். மெல்லிய, நேரான, தட்டையான கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தடித்த பிளாஸ்டிக் கம்பி அரை மணி நேரத்தில் பொட்டில் ஆணி அடிக்கும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கன்னப் பஞ்சு கன்னத்தை மேலே தள்ளும். கன்னம் ஃபிரேமை மேலே தள்ளும். வெறும் பவர் லென்ஸ் போட்டவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க என்று பவர் படிப்படியாக மாறும் புரோகிரஸிவ் லென்ஸ் போட்டவருக்கு இது பெரிய விஷயம். ஃபிரேம் ஒரு சில மில்லிமீட்டர் ஏறினாலே, நேராகப் பார்க்கும்போது தூரப் பகுதிக்குப் பதிலாக நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வந்துவிடும். சாலை லேசாகக் கலங்கும். ஹெல்மெட் சரியில்லை, வைசர் சரியில்லை என்று எதை எதையோ மாற்றிக்கொண்டிருப்போம்.

வண்டியின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு வேறு பிரச்சினை. தலை குனிந்திருப்பதால் பார்வை லென்ஸின் மேல் விளிம்பு வழியாகப் போகும். ஃபிரேமின் உயரம் குறைவாக இருந்தால் சாலைக்குக் குறுக்கே ஃபிரேம் நிற்கும். பைக்குக்கு உயரமான லென்ஸ் நல்லது.

முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட் என்றால் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, பிறகு கண்ணாடியைச் சொருக வேண்டும். தாடைப் பகுதி மேலே திறக்கும் வகையில் கண்ணாடியோடேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளலாம். தினமும் பத்து முறை இறங்கி ஏறும் வேலை என்றால் இந்த வசதியின் அருமை ஒரு வாரத்தில் தெரியும்.

சுருக்கமாக: சைஸ் மண்டைக்கு, பஞ்சு கம்பிக்கு, ஃபிரேமின் உயரம் உட்காரும் விதத்துக்கு.

## ஆவி

குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வெளியே வியர்ப்பது போல, மூச்சின் ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டால் படலமாகப் படியும். வெளி வைசருக்கு, அதன் உட்புறத்தில் பொருத்தும் பின்லாக் (Pinlock) போன்ற உள்தகடு நல்ல தீர்வு. இரண்டு தகட்டுக்கு நடுவே அடைபட்ட காற்று இருப்பதால் உள்தகடு குளிராது, ஆவி படியாது. ஆனால் அது காப்பது வெளி வைசரை மட்டும். உங்கள் கண்ணாடியிலும் உள் வைசரிலும் ஆவி படியத்தான் செய்யும். அதற்கு மூச்சைக் கீழே திருப்பும் மூக்குத் தடுப்பும், தாடைக் காற்றுத் துளையைத் திறந்து வைப்பதும்தான் வழி.

## கடையில் நிற்கும்போது

தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள். ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியைச் சொருகியதும் உள் வைசரை மெதுவாக இறக்குங்கள். பட்டென்று இறக்காதீர்கள், ஃபிரேமில் இடித்தால் முதலில் உங்கள் லென்ஸில்தான் கீறல் விழும். முழுதாக இறங்குகிறதா, ஃபிரேமில் முட்டி முக்கால்வாசியில் நிற்கிறதா என்று பாருங்கள். முட்டும் ஹெல்மெட் எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்கு உரியது அல்ல. அதே கடையில் அடுத்த மாடலில் தாராளமாக இடம் இருக்கலாம். உள் வைசருக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும்.

உள் வைசரின் கீழ் விளிம்பு எங்கே தெரிகிறது என்று பாருங்கள். சாலையைப் பார்க்கும் உயரத்தில் ஒரு கோடு ஓடினால் நாள் முழுக்க உறுத்தும். ஸ்பீடாமீட்டரைப் பார்க்கும்போது மட்டும் கோடு குறுக்கிட்டால் பழகிவிடும். புரோகிரஸிவ் போட்டவர்கள் கடைக்கு வெளியே வந்து தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை ஹெல்மெட் இல்லாமல் ஒரு முறையும், மாட்டிக்கொண்டு ஒரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அப்படியே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பொட்டு வலி ஐந்தாவது நிமிடத்தில் வருவதில்லை, பதினைந்தாவது நிமிடத்தில்தான் வருகிறது. அந்த நேரத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு, குனிந்து பார்க்காமல், உள் வைசரின் நெம்பைத் தேடி ஏற்றி இறக்கிப் பழகுங்கள். முதல் முறை கை தடவும். பத்தாவது முறையும் தடவினால் வேறு மாடலைக் கேளுங்கள்; சுரங்க வாசலில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடிதான், 60இல் போனால் அந்த நொடிக்குள் 17 மீட்டர் உள்ளே போயிருப்பீர்கள்.